பள்ளிப் பிள்ளையும் அயல்நாட்டு அனுமதியும்

சத்திரம் என்பது நமக்கு மிகவும் பழகிய சொல். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவதற்காக அறவோர் கட்டிவைத்த இடம் அது. அங்கே வருகிறவனுக்குப் படுக்கத் திண்ணை உண்டு. குடிக்க நீர் உண்டு. பல சத்திரங்களில் சோறும் உண்டு. ஆயினும் அவன் அவ்விடத்துக்கு உரியவன் ஆகிவிடுவதில்லை. எந்த ஊருக்குப் போகிறான், எத்தனை நாள் தங்குவான் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லியே உள்ளே நுழைகிறான். திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டைக்கு அருகில் இருக்கும் சத்திரம் பேருந்து நிலையம், இந்தப் பழஞ்சொல்லை இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. தூய வளனார் கல்லூரிக்கும் ஹோலி கிராஸ் கல்லூரிக்கும் வருகின்ற மாணவ மாணவியர் நாள்தோறும் அங்கே இறங்குகிறார்கள். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. அப்பேருந்துகளில் ஏறி இறங்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பலருடைய வீட்டில் ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்.

அவ்வாறு கடல் கடந்து வாழ்கிறவர், தம் பிள்ளையையும் அங்கே அழைத்துப் படிக்கவைக்க விரும்புவது இயல்பு. அந்தப் பிள்ளைக்கு அந்நாடு தரும் அனுமதி எத்தகையது, அதனைப் பெறுவது எப்படி, பெற்றபின் காப்பது எப்படி என்பவற்றையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டேன். திருச்சியோடு நெருங்கிய தொடர்புடைய சிங்கப்பூரையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அடிப்படையான கருத்து எல்லா நாடுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் சிறிது வரலாறு. திருச்சிக்கும் கீழைக் கடல் நாடுகளுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. தூய வளனார் கல்லூரியே 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிக்கு இடம் மாறியது. அந்த நாகப்பட்டினத்துத் துறையிலிருந்துதான் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் சென்றன. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், 1973 வரை தமிழர்களைச் சுமந்து கடலைக் கடந்தது. அதற்குப்பின் வந்த ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளாயிற்று. பல நாள் பிடித்த அந்தப் பயணத்தை இன்று திருச்சி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

தொலைவு சுருங்கியது, ஆனால் வாயிற்கதவு அகலவில்லை. இரண்டு கரைகளும் ஒரே பேரரசின் ஆட்சியில் இருந்த காலத்தில் போக்குவரவுக்குத் தடைகள் குறைவு. மலாயாவில் கடை வைத்திருந்தவர் தம் மகனைப் படிப்புக்காக ஊருக்கு அனுப்புவார். படிப்பு முடிந்ததும் திரும்ப அழைத்துக்கொள்வார். 1953 ஆகஸ்டு 1-ஆம் நாள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யார் வரலாம், எதற்காக வரலாம் என்று வகை பிரித்து நோக்கும் வழக்கம் அதனோடு வலுப்பெற்றது. 1959-இல் குடும்பத்தாரை அழைத்துக்கொள்வதற்கான விதிகளும் இறுகின. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. இன்று ஒரு பள்ளிச் சிறுவனிடம் கேட்கப்படும் சீட்டுகளின் வேர், இந்த வரலாற்றிலே இருக்கிறது.

இனி, பலரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் மூன்று ஆவணங்களைப் பிரித்துப் பார்ப்போம். அவை பாஸ்போர்ட், விசா, தங்கும் அனுமதி என்பன.

பாஸ்போர்ட் எனப்படும் கடவுச்சீட்டை நம் நாடு நமக்குத் தருகிறது. ‘இவர் எம் குடிமகன்; இவர் பெயர் இது; பிறந்த நாள் இது’ என்று நம் அரசு பிற அரசுகளுக்குக் கூறும் சான்று அது. இந்தியர் ஒருவர் அயல்நாடு செல்லும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே புறப்படுவது நமக்கு உரிமை.

விசா என்பது நாம் செல்லும் நாடு தருவது. அதன் வாயிலுக்கு வந்து உள்ளே நுழையக் கேட்பதற்கான இசைவு அது. மூன்றாவதாகிய தங்கும் அனுமதியோ, உள்ளே நுழைந்தபின் எந்த நோக்கத்துக்காக, எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதைக் குறிப்பது. சிங்கப்பூரில் இது நோக்கத்துக்கு ஏற்பப் பெயர் பெறும். படிக்க வந்தவருக்கு மாணவர் அனுமதி அட்டை, தொழிலாளிக்கு வேலை அனுமதிச் சீட்டு, அலுவல் பார்ப்பவரின் மனைவி மக்களுக்குச் சார்ந்திருப்போர் அனுமதி அட்டை, இவ்வாறு பலவகை. 2023 பிப்ரவரி 27 முதல் மாணவர் அனுமதி உள்ளிட்ட சில நீண்டகால அனுமதிகளுக்குக் கையில் பிடிக்கும் அட்டை கொடுப்பதை அந்நாடு நிறுத்தி, மின்வடிவில் வழங்கத் தொடங்கியது. பெயரில் மட்டும் ‘அட்டை’ நிலைத்திருக்கிறது.

புறப்படுவது உரிமை என்றேன். நுழைவதும் தங்குவதும் அவ்வாறல்ல. அவை அந்நாடு நிபந்தனையோடு அளிக்கும் இசைவு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் எளிதில் விளங்கும்.

சிறுவருடைய பாஸ்போர்ட்டைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் பிள்ளைக்காகப் பெற்றோரே உறுதிமொழி தருகிறார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கு மேல் செல்லாது. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு இருப்பதைப் பார்த்துப் பழகிய வீடுகளில் இதனை மறந்துவிடுகிறார்கள். ஒன்பது வயதில் எடுத்த பாஸ்போர்ட் பதினான்கு வயதில் முடிந்துவிடும். அதனோடு கட்டுண்டிருக்கும் மற்ற அனுமதிகளும் அப்போது தொல்லைக்குள்ளாகும்.

தமிழர்களாகிய நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடு பெயரைப் பற்றியது. நமக்குக் குடும்பப் பெயர் வழங்கும் பழக்கம் இல்லை. தந்தையின் பெயரிலிருந்து ஓரெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். பள்ளிப் பதிவேட்டில் ‘ர. சீனிவாசன்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டிலோ தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். அங்கே தந்தையின் பெயர் முழுமையாக வந்து, குடும்பப் பெயரின் இடத்தில் அமர்ந்துவிடும். அயல்நாட்டு ஆசிரியர் பையனை அழைக்கும்போது தகப்பனார் பெயரைச் சொல்லி அழைப்பதும் உண்டு! இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஆனால் பிறப்புச் சான்றில் ‘ஸ்ரீனிவாசன்’ என்றும், மாற்றுச் சான்றிதழில் ‘சீனிவாசன்’ என்றும் இருந்து, ஆங்கில எழுத்துகளில் இரண்டும் இரு வேறு வகையாய் எழுதப்பட்டிருந்தால், அந்த இருவரும் ஒருவரே என்று அதிகாரிக்கு மெய்ப்பிக்கும் சுமை குடும்பத்தின் தலையில் விழும்.

பிறப்புச் சான்றிலும் கவனம் வேண்டும். பிறந்தவுடன் பதிவு செய்யும்போது பெயர் சூட்டியிருக்க மாட்டோம். பெயரிடம் வெறுமையாக நிற்கும். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் பதினைந்து ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாளும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறந்த நாளை நிறுவும் ஆவணம் பிறப்புச் சான்றே. எனவே உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருந்தால், இன்றே அவர்களுடைய சான்றை எடுத்துப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய புலமை தேவையில்லை.

இப்போது பொருளின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார், பன்னிரண்டு வயதுள்ள தம் மகனைச் சிங்கப்பூரில் சேர்ப்பது பற்றி என்னிடம் விவரம் கேட்டார். அவருடைய கணவர் அங்கே கட்டட வேலை செய்கிறார். ‘அப்பா அங்கேதானே ஐயா இருக்கிறார்? பிள்ளை அப்பாவிடம் போவதற்கு வேறு யாரைக் கேட்க வேண்டும்?’ என்று அவர் வினவினார். நெஞ்சைத் தொடும் கேள்வி. தாய்மை அவ்வாறுதான் கேட்கும். சட்டம் கேட்பதோ வேறொன்று: ‘அப்பா எந்த அனுமதியில் இங்கே இருக்கிறார்?’ என்பது அதன் கேள்வி.

தந்தை அந்நாட்டின் நிரந்தரவாசியாகிப் பிள்ளைக்கும் அந்நிலை கிடைத்திருந்தால், அப்பிள்ளைக்கு மாணவர் அனுமதி வேண்டியதில்லை. ஆயின் ஆண்பிள்ளையாயிருந்தால் வேறொரு கடமை பின்தொடரும். 1967 முதல் சிங்கப்பூரில் தேசிய சேவை கட்டாயம். பெற்றோரின் வாயிலாக நிரந்தரவாசியாகும் மகன் பதினாறரை வயதில் அதற்குப் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயதில் சேவைக்கு அழைக்கப்படுவான். சிறுவயதிலே பெற்றோர் அவனுக்காக எடுத்த முடிவு, இளைஞனானபோது அவன் தோளில் ஏறுகிறது. இதனை முன்னரே எண்ணிப் பார்த்துத் துணிவதே முறை.

தந்தையோ தாயோ குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத ஊதியம் பெறும் அலுவலராயிருந்தால், மணமாகாத, இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைச் சார்ந்திருப்போர் அனுமதியில் அழைத்துக்கொள்ளலாம். அந்த அனுமதி உள்ள பிள்ளை தனியாக மாணவர் அனுமதி பெறாமலே பள்ளிக்குச் செல்லலாம். ஆனால் அது பெற்றோரின் வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் அதுவும் போகும். ஆண்டு நடுவில் தந்தைக்கு வேலை மாற்றம் வந்தால், மகன் வகுப்பிலிருந்தே எழுந்து வர நேரலாம்.

கட்டடத் தொழிலிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் நம் ஊர்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள். அச்சீட்டு உடையவர் மனைவி மக்களைச் சார்ந்திருப்போராக அழைத்துக்கொள்ள வழியில்லை. அந்த அம்மையாரின் கணவர் நிலை இதுவே. அங்கே வானளாவிய மாடங்களை எழுப்புகிறவர், அவற்றின் நிழலில் தம் பிள்ளையை வைத்து வளர்க்க அச்சட்டம் இடம் தருவதில்லை.

அப்படியானால் அந்தப் பையனுக்கு வழியே இல்லையா? உண்டு. தந்தையைச் சாராமல், மாணவன் என்ற தகுதியில் அவன் தானே அனுமதி கேட்கலாம். தந்தையின் சீட்டு அவனுக்குத் துணையும் ஆகாது, தடையும் ஆகாது. இனி அந்த வழியின் படிகளைப் பார்ப்போம்.

முதற்படி பள்ளி, அனுமதி அதன் பின்னரே. ஒரு பள்ளி அவனை ஏற்றுக்கொண்டால்தான் அனுமதிக்கு விண்ணப்பிக்கவே முடியும். சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் தொடக்கநிலை 2 முதல் 5 வரையிலும், உயர்நிலை 1 முதல் 3 வரையிலும் சேர விரும்பும் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று பொதுவான சேர்க்கைத் தேர்வு நடக்கிறது. ஆங்கிலமும் கணிதமும் அதன் பாடங்கள். அதில் தேறினாலும், வயதுக்கு ஏற்ற வகுப்பில் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. விரும்பிய பள்ளியே கிடைக்கும் என்பதும் இல்லை. தனியார் நிறுவனங்களில் சேர்வதாயின் அந்நிறுவனம் முறையாகப் பதிவு பெற்றதா, அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் தகுதிச் சான்று அதற்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். 2009-இல் அந்நாடு தனியார் கல்விச் சட்டம் இயற்றியதே இத்தகைய நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத்தான்.

இரண்டாம் படி விண்ணப்பம். பள்ளி தன் மாணவனின் பெயரைக் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் இணைய முறையில் பதிவு செய்யும். அதன்பின் பெற்றோர் விவரங்களை நிரப்புவர். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், நிழற்படம் முதலியன வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத சான்றுகளுக்கு முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். 2019 பிப்ரவரி 1 முதல் வேறொரு விதியும் சேர்ந்தது. அயல்நாட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள், தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். குழந்தைக்கு ஊசி போட்டபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறித்துக் கொடுத்த சிற்றேட்டை நம் வீடுகளில் எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள். அந்தச் சிற்றேடு ஒருநாள் கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் பேசும் என்று யார் எண்ணினார்கள்!

மூன்றாம் படி, கொள்கை அளவிலான ஒப்புதல் என்னும் கடிதம். விசா தேவைப்படும் இந்தியர் போன்றோர்க்கு, ஒரு முறை நுழைவதற்கான விசாவும் அதனுடன் அமைந்திருக்கும். அக்கடிதத்தோடு சென்று, எஞ்சிய முறைகளை முடித்த பின்னரே மாணவர் அனுமதி முழுமை பெறும்.

சிறுவன் தனியே வாழ முடியுமா என்று கேட்பீர்கள். இதற்குச் சட்டம் ஒரு வாயில் வைத்திருக்கிறது. மாணவர் அனுமதியில் படிக்கும் பிள்ளையின் தாய் அல்லது பாட்டி, அப்பிள்ளையோடு தங்குவதற்காக நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். தாயோ பாட்டியோ என்று சட்டமே எழுதி வைத்திருப்பது என் சிந்தையைக் கவர்ந்தது. பிள்ளைக்குப் பசிக்கும் வேளையில் யார் அருகில் இருப்பார் என்பதை அந்தச் சட்டம் எழுதியவரும் அறிந்திருக்கிறார். ஆனால் விண்ணப்பிக்கலாம் என்பதற்குக் கிடைத்தே தீரும் என்பது பொருளன்று.

இனி, பெற்ற அனுமதியைக் காப்பது. மாணவர் அனுமதி படிப்பு என்னும் ஒரே நோக்கத்துக்காகத் தரப்படுவது. குறிப்பிட்ட பள்ளிக்கும் குறிப்பிட்ட படிப்புக்கும் உரியது. பள்ளியை மாற்றினால் புதிதாக அனுமதி கேட்க வேண்டும். தக்க காரணமின்றித் தொடர்ந்து ஏழு நாள் வகுப்புக்கு வராமலிருந்தாலும், ஒரு மாதத்தில் வருகை நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழ் இறங்கினாலும் அனுமதியை இரத்து செய்ய விதி இடம் தருகிறது. படிப்பு முடிந்தாலோ நடுவில் விட்டாலோ ஏழு நாளுக்குள் அனுமதியை முடித்துக்கொள்ள வேண்டும். இங்கே திருவிழாவுக்கும் உறவினர் திருமணத்துக்கும் ஒரு வாரம் விடுப்பு எடுப்பது நமக்குச் சிறிய செயல். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்துவிட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பலாம் என்று எண்ணும் குடும்பம், பள்ளியிடம் முன்கூட்டியே இசைவு பெறாவிட்டால் அந்தப் பத்து நாளுக்காக ஆண்டு முழுவதையும் இழக்க நேரலாம்.

விதிகள் இவ்வாறு இருக்க, குறுக்குவழி காட்டுகிறவர்களுக்கும் குறைவில்லை. மேற்சொன்ன அம்மையாரிடம் ஒரு தரகர், ‘சுற்றுலா விசாவில் பையனை அழைத்துப் போய்விடுங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லி முன்பணமும் கேட்டிருந்தார். இந்தச் சொல்லில் உள்ள ஆபத்தைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன். சுற்றுலாவாக வந்தவனுக்குத் தரப்பட்ட அனுமதியின் நோக்கம் பார்த்துவிட்டுத் திரும்புவது. அந்த அனுமதியைக் கொண்டு பள்ளியில் முழுநேர மாணவனாகச் சேர முடியாது. நாள் கடந்து தங்கினால் குற்றம். அந்தக் குற்றத்தின் பதிவு அந்தப் பையன் பெயரில் நிற்கும். தரகர் பெயரில் நிற்காது. பிற்காலத்தில் அவன் பொறியாளனாகவோ மருத்துவனாகவோ அதே வாயிலில் நிற்கும்போது, பன்னிரண்டு வயதில் பிறர் செய்த செயலுக்கு அவன் விடை சொல்ல நேரும்.

மலேசியாவைப் பற்றியும் இவ்வாறே தவறாகக் கருதுவோர் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் அங்கே சென்றுவர அந்நாடு இடமளித்தது. விசா வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம் என்று சிலர் பொருள் கொண்டார்கள். விசாவிலிருந்து விலக்கு என்பது வருகைக்கே. படிப்பதற்கு அங்கேயும் தனி அனுமதி வேண்டும். வாயில் திறந்திருப்பது வேறு. வீட்டில் தங்க இசைவு பெறுவது வேறு.

இவ்விடத்தில் உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். கல்வி குழந்தையின் உரிமை அன்றோ? அதற்கு இத்தனை வேலிகள் எதற்கு? நியாயமான ஐயம். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. 1992-இல் இந்தியாவும் 1995-இல் சிங்கப்பூரும் அதில் இணைந்தன. கல்வி உரிமையும், பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வது பற்றிய நெறியும் அவ்வுடன்படிக்கையில் உண்டு. ஆயினும் சிங்கப்பூர் இணைந்தபோதே, தன் நாட்டுக்குள் வருவதையும் தங்குவதையும் பற்றிய சட்டங்களைத் தானே வகுக்கும் உரிமையையும், இலவசத் தொடக்கக் கல்வியைத் தன் குடிமக்களுக்கு மட்டும் தரும் உரிமையையும் விலக்கி வைத்துக்கொண்டது. நம் நாட்டில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கல்விக்கு உறுதி அளிக்கிறது. அந்தப் பையன் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வரையில் கல்வி அவன் உரிமை. கடலைக் கடந்ததும் அதே கல்வி கட்டணத்துக்கும் நிபந்தனைக்கும் உரிய பொருளாகிறது. சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் குடிமக்கள், நிரந்தரவாசிகள், தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாட்டினர், பிற நாட்டினர் என்று கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. இந்தியப் பிள்ளைகள் உச்சப் படியில் நிற்பவர்கள்.

சிறிய நிலப்பரப்பில் வாழும் நாடு, தன் பள்ளிகளின் இடங்களை முதலில் தன் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதை முற்றிலும் தவறென்று நான் கூறமாட்டேன். ஆயினும் அந்த நாட்டின் கட்டடங்களைக் கட்டியவரின் பிள்ளை ஆண்டுக்கொரு முறை மட்டுமே தந்தையைப் பார்ப்பது, மனச்சான்று உள்ள எவரையும் சிந்திக்க வைக்க வேண்டிய செய்தி. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வதே கற்றவர்க்கு அழகு.

அந்தக் குடும்பம் என்ன முடிவு செய்தது என்று சொல்லிவிடுகிறேன். கட்டணம், வாடகை, தாய் உடன் தங்கும் செலவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். கூட்டலைப் பையனே செய்தான். தந்தையின் ஊதியம் முழுவதையும் அந்தத் தொகை விழுங்கிவிடும் என்று கண்டபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, ‘இங்கேயே படிக்கிறேன் அம்மா, அப்பா அனுப்புகிற பணத்தில் வீட்டுக் கடன் முதலில் தீரட்டும்’ என்றான். தரகருக்குக் கொடுக்கவிருந்த முன்பணம் வீட்டிலேயே தங்கிற்று. போகாதிருப்பதும் விவரம் அறிந்து எடுக்கும் முடிவாக இருக்கலாம் என்பதை அன்று நான் கண்டேன்.

எதிர்த்திசையிலும் இதே நெறி இயங்குகிறது. சிங்கப்பூர்க் குடிமகளாகப் பிறந்த பேத்தி, ஸ்ரீரங்கத்தில் தாத்தா வீட்டில் இருந்து படிக்க வருகிறாள் என்று வையுங்கள். தாத்தாவுக்கு அவள் பேத்தி; நம் சட்டத்துக்கு அவள் அயல்நாட்டினள். கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்னும் அட்டை அவளிடம் இருந்தால் தனியாக மாணவர் விசா வேண்டியதில்லை. அந்த அட்டை இல்லாவிட்டால் படிப்பின் நோக்கத்துக்குரிய விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் சேர்வதை நம் நாடும் ஒப்புவதில்லை. பிறர் நம்மிடம் கேட்பதையே நாமும் பிறரிடம் கேட்கிறோம்.

மாணவ நண்பர்களே, இவ்வளவு விவரமும் உங்களுக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் அயல்நாட்டிலிருந்து வரும் கடிதத்தையும் விண்ணப்பத்தையும் முதலில் படித்துச் சொல்கிறவர் வீட்டில் படிக்கின்ற பிள்ளைதான். தாயும் பாட்டியும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘எல்லாம் சரிதான், கையெழுத்துப் போடுங்கள்’ என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஒரு சிறுவனின் எதிர்காலமும் அடங்கியிருக்கும்.

ஆகையால் அப்படிப்பட்ட தாள் உங்கள் கைக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த அனுமதி எந்த நோக்கத்துக்கு? யாருடைய நிலையோடு இது பிணைக்கப்பட்டிருக்கிறது? எந்த நாளில் முடிகிறது? எதைச் செய்தால் அல்லது செய்யாவிட்டால் இது இரத்தாகும்? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் பணமோ கையொப்பமோ கொடுக்க விடாதீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆதலால் அண்டை வீட்டார் மூன்றாண்டுக்கு முன் செய்ததை அப்படியே பின்பற்றாமல், அந்நாட்டு அரசின் அறிவிப்பையே நேரில் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருக்கும்போது, தெரியாதவர் சொல் கேட்டு அந்த வீடு ஏமாறக் கூடாது.